இரண்டு ஜோடிக் காலணி

என் வாத்துக்குஞ்சே,

உன்னைப் புதைத்தபின் முதல் தடவையாக வால்சிங்ஹாம் மாதா கோயிலுக்கு யாத்திரை போய்வந்தேன். அந்த ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட உன் அப்பா வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல, ஊருக்கு வெளியே இருக்கும் சிறிய ஆலய வாசலில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேண்டுதலாக ஊர்வரை வெறுங்காலில் நடந்தோம். உன் பழுப்புக் காலணியையும் நான் கொண்டுபோயிருந்தேன்.

வில்ஃப் சித்தப்பா பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, ரெண்டு ஜோடி? உங்களுக்கு நாலு காலா?" என்றார். பிறகுதான் அது யாருடையது என்று அவருக்குப் புரிந்தது.

ஊர் வந்ததும் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்து காலணி போட்டுக்கொண்டார்கள். சித்தப்பா மகள் ஆக்னஸ் மட்டும் ஒற்றைக் காலணியோடு நின்றாள். மற்றதை வழியில் எங்கோ தவறவிட்டிருக்கிறாள். குதிகாலில் ரத்தம்.

"நம்ம ஊருன்னு பேருதான் பெரியம்மா, கல்லுக்கு நம்மளத் தெரியலயே" என்று சிரித்தாள். உன் வயசுதான். கால் அளவும் உன்னுடையதே.

உன் காலணியைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு நானே குனிந்து அவள் காலில் மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டேன்.

"சரியா இருக்கு பெரியம்மா" என்றாள் மெதுவாக.

இடது காலணி கடிக்கிறது என்று நீ எப்போதும் சொல்வாய். அவள் சொல்லவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேனே, நீயாக இருந்தால் கொடுத்திருப்பாயா?

உன் அம்மா