பேப்பரை நிறுத்த ஒரு கையெழுத்து

மார்ச் 2

அப்பாவுக்கு,

அன்புள்ளன்னு ஆரம்பிக்கத்தான் பார்த்தேன், பேனா நகரல. உங்க நம்பரை பிளாக் பண்ணி ரொம்ப நாளாச்சு, அதை எடுக்கிற எண்ணமும் இல்ல. எப்படியும் பேப்பர்காரங்களுக்குத் தாள்ல போட்ட கையெழுத்துதான் வேணுமாம். அதான் கடிதம்.

நீங்க வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு, உங்க பேப்பர் மட்டும் தினமும் வருது. சந்தா உங்க பேர்ல. பணம் போறது அம்மாவோட சம்பளக் கணக்குல. பல் டாக்டர் கிளினிக்ல நாள் பூரா நின்னுக்கிட்டு டோக்கன் குடுத்து அம்மா சம்பாதிக்கிறது, நீங்க படிக்காத தலையங்கத்துக்குப் போகுது. வருஷா வருஷம் தானா புதுப்பிச்சுக்குமாம். இந்த மாசம் இருபதாம் தேதி அடுத்த வருஷப் பணத்தை மொத்தமா எடுத்துடுவாங்க.

அவங்க ஆபீஸுக்கு நானே போனேன். சேர்றதுக்கு போன்ல ஒரு பட்டன் போதும். விடுறதுக்கு மட்டும் படிவம், கையெழுத்து, அடையாள அட்டை நகல். கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தவன், "சந்தாதாரர் வரணும் மேடம்"னான். அவர் வீட்டுக்கே வர்றதில்ல, இங்க வந்து கிழிக்கப் போறாரான்னு கேட்டேன். விதியை ஒப்பிச்சான். பேங்க்ல மட்டும் பணத்தை நிறுத்தினா, பேப்பரைப் போட்டுக்கிட்டே இருந்து பாக்கின்னு ஆளை அனுப்புவாங்களாம். அதனால ரெண்டையும் செஞ்சாகணும்.

படிவம் வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வேற எதுவும் எழுத வேண்டாம்.

மகள்


மார்ச் 7

என் அன்புப் பட்டாசுக்கு,

உன் கடிதம் கண்டேன். கோபத்திலும் உன் எழுத்து அழகாகவே இருக்கிறது. நீ இப்போது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பதாக உன் சித்தி சொன்னாள். நாலாவது வேலையாமே. படிப்பைப் பாதியில் விட்டவள் இதில் எத்தனை நாள் நிற்பாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எனக்கு முட்டிவலி. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறவன் படியேறித்தானே போக வேண்டியிருக்கிறது.

படிவமெல்லாம் எதற்கு என்று நானே அவர்களுக்குப் போன் செய்தேன். மிகவும் மரியாதையான பெண் ஒருத்தி பேசினாள். "பதினாறு வருஷமா எங்களோட இருக்கீங்க சார், நீங்க போனா எங்களுக்கு வருத்தமா இருக்கும்" என்றாள். அப்படி யாரும் என்னிடம் சொல்லி நாளாயிற்று. ஞாயிறு இணைப்பும் ஒரு மாத இதழும் மூன்று மாதத்துக்கு இலவசமாம். சரி என்று சொல்லிவிட்டேன். அவசரம் வேண்டாம், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அம்மா எனக்காக நடுப்பக்கத்தை இன்னும் எடுத்து வைக்கிறாளா? முன்பெல்லாம் நான் வெளியூர் வேலை முடித்து வந்தால் மடித்து அடுக்கி வைத்திருப்பாள்.

அன்பு மாறாத
அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

ஒரு மனுஷன் இவ்வளவு ஏமாளியா இருக்க முடியுமான்னு நம்பாம மறுபடி மறுபடி படிச்சேன். நிறுத்தறதுக்குப் போன் பண்ணி, கூட ரெண்டு சாமானைத் தலையில கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. லிஃப்ட்ல மாட்டினவங்களை வெளிய எடுக்கிறது உங்க தொழில். வெளிய சொன்னா சிரிப்பாங்க.

அந்தப் பொண்ணு எல்லாருக்கும் அதைத்தான் சொல்லும். அவ முன்னாடி திரையில எழுதியிருக்கும், படிச்சிருப்பா. வருத்தமா இருக்கும்னு அவ சொன்னதும் உங்களுக்கு உருகிடுச்சு. அதையே அம்மா சொன்னப்ப நீங்க பெட்டிக்கு ஜிப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. மூணு மாசம் கழிச்சு அந்த ஓசிக்கும் சேர்த்து அம்மா கணக்குலதான் கை வைப்பாங்க.

நடுப்பக்கம் கேட்டீங்களே. கீழ் வீட்டு ட்யூஷன் மாஸ்டர் ஒரு கிழட்டு நாய் வச்சிருக்கார். பாவம், அதுக்கு ஒண்ணுக்கு அடக்க முடியல. உங்க பேப்பர் ரப்பர் பேண்டைக்கூடக் கழட்டாம நேரா அங்கதான் போகுது. நடுப்பக்கம் நல்லா உறிஞ்சுதுன்னு மாஸ்டர் சொன்னார்.

அப்புறம் என் படிப்பு. விடணும்னு முடிவு பண்ணினேன். எழுதிக் குடுத்தேன், ஹாஸ்டல் சாவியை மேஜை மேல வச்சேன், வந்துட்டேன். பாதியில விடுறதையாவது முழுசா செய்யத் தெரியணும்.

இன்னொரு படிவம் வச்சிருக்கேன். இலவசமும் வேண்டாம்னு மேலயே எழுதிட்டேன்.

மகள்


மார்ச் 12

பட்டாசுக்கு,

நாயைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

கையெழுத்திட்டு, டிக் போட வேண்டிய இடத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அடையாள அட்டை நகலும் இருக்கிறது. அதில் இன்னும் நம் வீட்டு முகவரிதான், மாற்றவில்லை. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். என்ன விசாரித்தார் என்று கேட்டால், சும்மா விசாரித்தார் என்று சொல்.

அப்பா


மார்ச் 15

அப்பாவுக்கு,

படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டம், 'சந்தாவை ரத்து செய்க'. ரெண்டாவது, 'தற்காலிகமாக நிறுத்துக'. அது ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு. நீங்க ரெண்டாவதுல டிக் போட்டிருக்கீங்க. மீண்டும் தொடங்க வேண்டிய தேதிங்கிற இடத்துல, 'பின்னர் தெரிவிக்கப்படும்'. எழுத்து முத்து முத்தா இருக்கு.

இதைக் குடுத்தா சந்தா உயிரோடதான் இருக்கும், இருபதாம் தேதி பணமும் போகும். கை தவறிடுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. தலைமுடி மாதிரி வயரை எண்ணிப் பிரிக்கிறவர் நீங்க.

அம்மாகிட்ட காட்டக் கூடாதுன்னுதான் இருந்தேன். காட்டிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. "ரெண்டு வருஷமா இந்தக் கட்டத்துலதானே நிக்கிறார்"னு சொன்னாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு, வாடின்னு என்னை பேங்குக்கு இழுத்துட்டுப் போனாங்க. தானா பணம் எடுக்கிற உத்தரவை ரத்து பண்ணி, எழுத்துல வாங்கினாங்க. வந்தது வந்தோம்னு, நாமினியா இருந்த உங்க பேரையும் எடுத்துட்டாங்க. இப்ப என் பேர்.

இது கடைசிப் படிவம். எங்க கம்பெனி ஆள் கொண்டு வருவார். அவரை நிக்க வச்சு, அப்பவே நிரப்பி அவர் கையிலயே குடுங்க. காரணம்னு ஒரு பகுதி இருக்கு. அதை நீங்களே நிரப்புங்க. நான் நிரப்பினா கெட்ட வார்த்தை வரும்.

மகள்


மார்ச் 17

அன்பு மகளுக்கு,

உன் ஆள் வாசலில் நிற்கிறார். உள்ளே வரச் சொன்னேன், மாட்டேன் என்கிறார். நீ சொல்லி அனுப்பியிருப்பாய்.

முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். காரணங்களை அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். விலை அதிகம் என்பது என் காரணம் இல்லை, நான் கொடுக்கவே இல்லையே. நேரத்துக்கு வருவதில்லை என்பதும் இல்லை. கடைசியில் இருந்ததில் போட்டேன்: 'சந்தாதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை.' பக்கத்தில் இந்த அறையின் முகவரியையும் எழுதச் சொல்லியிருந்தார்கள், எழுதினேன். அதற்குத்தான் இவ்வளவு நேரம். உன் ஆள் அதற்குள் இரண்டு முறை தண்ணீர் கேட்டுவிட்டார்.

அப்பா


மார்ச் 24

அப்பாவுக்கு,

படிவத்தை நானே கொண்டுபோய்க் குடுத்து, பெற்றுக்கொண்டோம்னு முத்திரை வாங்கினேன். ரத்து பண்ணிட்டதா கடிதமும் வந்துடுச்சு. இதோட நகல் வச்சிருக்கேன், தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கு எவனாவது பாக்கின்னு வந்தா மூஞ்சில காட்டலாம். இருபதாம் தேதி போயிடுச்சு, பணம் போகல.

பேப்பர் நின்னுடுச்சு. முதல் நாள் அம்மா கதவைத் திறந்து வாசலைப் பார்த்தாங்க, சாத்திட்டாங்க, அவ்வளவுதான். மாஸ்டர்தான் மேல வந்து விசாரிச்சார், நாய் வெறும் தரையில போகுதாம். அம்மா ஒரு போர்வையை எடுத்துக் குடுத்தாங்க. உங்க போர்வை.

காரணத்துல நீங்க போட்ட டிக் கோணலா இருந்துச்சு. முத்திரை குத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணு. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறவன் சொன்னான், விட்டுப் போனவங்க எல்லாருக்கும் கொஞ்ச நாள்ல ஒரு கடிதம் போகுமாம். நல்ல தாள்ல, உங்க பேரைப் போட்டு, நீங்க இல்லாம வெறுமையா இருக்கு, திரும்பி வாங்கன்னு எழுதியிருக்கும். அதைப் பார்த்துட்டு அவசரப்பட்டுப் பெட்டியைக் கட்டிடாதீங்க. அது பேப்பர்காரங்க அனுப்பறது. எங்க வீட்டுல இருந்து இல்ல.

மகள்