கைப்பையில் இருக்கிற அவுட்லைன்

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்கே உடம்பும் மனதும் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் உன் தங்கை குட்டியும் நலம். நானும் நலம்தான், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்பதைத் தவிர. இந்த மூன்று வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துவிட்டேன், ஒரு முறை ஜன்னலைச் சாத்த, ஒரு முறை அதையே திறக்க. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அம்மா என்று கொஞ்சம் இழுத்தால் போதும், நான் சரி என்றுவிடுவேன், அது உனக்கும் தெரியும். அதனால் தாளில் எழுதுகிறேன், குட்டி படம் பிடித்து அனுப்புவாள். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு. இருமல் நின்றதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன். அந்தச் சிவப்பு மருந்தை இரண்டு நாள் குடித்துவிட்டு நிறுத்தியிருப்பாய், பாட்டிலை முடி.

வெள்ளிக்கிழமைக்குள் நீ பேச்சு வகுப்புக்கு, என்ன பேசப் போகிறாய் என்பதன் சுருக்கத்தை, அவுட்லைனை, எழுதிக் கொடுக்க வேண்டும், ஆசிரியை அதில் கையெழுத்துப் போட்டால்தான் எட்டு நிமிடம் பேச விடுவார்கள், பேசினால்தான் அந்தப் பாடத்தில் தேற முடியும், தேறினால்தான் அடுத்த பருவத்தில் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது, இதுதான் கடைசி வாய்ப்பு. எல்லாம் எனக்கு மனப்பாடம். படிவத்தைப் படம் எடுத்து அனுப்பி, கீழே அம்மா இந்த ஒரு தடவை மட்டும் என்று எழுதியிருந்தாய். அந்தப் படிவத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சொல்ல வருவதை ஒரே வாக்கியத்தில் சொல், மூன்று காரணம் கொடு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டு, உன்னை மறுக்கிறவர் என்ன சொல்வார், அவருக்கு உன் பதில் என்ன, கடைசியில் கேட்டவர்கள் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும். நல்ல படிவம். யோசிக்கத் தெரிந்த யாரோ போட்டிருக்கிறார்கள்.

எழுதிவிட்டேன். அதை மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தேன். முதல் தடவை எழுதிக் கொடுத்த குடிநீர் மீட்டர் போல என் குடிநீர் வாரிய அலுவலக விஷயம் எதையும் இந்த முறை எடுக்கவில்லை, உன் பிசியோதெரபி படிப்புக்கே பொருத்தமாக இருக்கட்டும் என்று, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு நடைப்பயிற்சி கொடுக்கும்போது வீட்டு ஆள் ஒருவரும் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை எடுத்தேன். நூலகத்திலிருந்து சனிக்கிழமையே இரண்டு புத்தகம் கொண்டுவந்து வைத்திருந்தேன். நன்றாக வந்திருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மறுப்பவர் பக்கத்தை நானே படித்துப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன், அந்த அளவுக்கு. நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். பேருந்தில் போகும்போது எடுத்து ஒரு சொல்லை மாற்றினேன், வரும்போது அந்தச் சொல்லையே திரும்பப் போட்டேன்.

அனுப்பிவிட வேண்டியதுதானே என்கிறார் அப்பா. லிஃப்ட் பழுது பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான். ரெண்டு மாடிக்கு நடுவுல ஒருத்தன் மாட்டிக்கிட்டா மோட்டார் எப்படி ஓடுதுன்னு அவனுக்குப் பாடம் நடத்திக்கிட்டா இருப்போம், மொதல்ல ஆள வெளிய எடு, மத்தத அப்புறம் பாத்துக்கலாம் என்றார். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. குட்டி சாப்பிட்டுக்கொண்டே, அப்ப அண்ணன் வேலைக்குப் போனதும் நோயாளி கால நீயே போய்ப் பிடிச்சு விட்டுட்டு வந்துருவியாம்மா என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இந்த வயதிலேயே நாக்கு நீளம், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

முதல் அவுட்லைன் ஏன் திரும்பி வந்தது என்று நீ சொன்னபோது நானும் ஆசிரியையைத் திட்டினேன். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க வேண்டும் என்று அவ்வளவு கோவையாக எழுதிக் கொடுத்திருந்தேன், அவர் படித்துவிட்டு, உங்க வீட்டு மீட்டர் எங்க இருக்கு என்று ஒரு கேள்வி கேட்டாராம், நீ விழித்தாயாம். மாடிப்படிக்குக் கீழே, உன் சைக்கிளுக்குப் பின்னால் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனாய். இரண்டாவதை நீயே போட்டாய், கைபேசியால் வரும் கேடு என்று, அதே மூன்று காரணத்தை உன் வகுப்பில் இன்னும் நான்கு பேர் அதே வரிசையில் கொடுத்திருந்தார்களாம். அதைக் கேட்டு நாம் இருவரும் போனில் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிசியோதெரபிக்கு எதுக்கும்மா பேச்சுப் பாடம் என்று நீ கேட்டாய், ஆமாம் எதற்கு என்று நானும் சொன்னேன். வலிக்கிறது, காலைக் கீழே வைக்க மாட்டேன் என்று ஒருவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டால் நீ என்ன சொல்வாய் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன்.

நேற்று அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் படம் எடுத்தால் நிழல் விழுகிறது என்று அங்கே ஸ்கேன் செய்து அனுப்பலாமென்று தாளைக் கொண்டுபோயிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு தையல்கடைக்கார அம்மா வந்தார். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புகார் கொடுத்தவர். நாங்கள் அனுப்பிய பதில் கடிதம் கையில் இருந்தது. நேராக அதிகாரி மேஜைக்குப் போய், அழுத்தச் சமநிலைப் பணிகள் நிறைவுற்றதும் பரிசீலிக்கப்படும்னு போட்டிருக்கீங்களே சார், அப்படின்னா என்ன, எனக்குத் தண்ணி எப்ப வரும் என்று கேட்டார். அதிகாரி தன் கடிதத்தை முதல் முறையாகப் படிக்கிறவர் போலப் படித்தார். முதல் முறைதான். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் மேஜையைப் பார்த்தார். நான் எழுந்து போய், தெருமுனையில் ஒரு வால்வு மாற்றுகிறார்கள், இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். அப்ப எழுதுனது இவங்க, கையெழுத்துப் போட்ட நீங்க யாரு சார் என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வழி விசாரிக்கிறவர் போலக் கேட்டார். பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார், அவர் நல்ல மனிதர். கொஞ்சம் சுலபமா எழுதுங்க மேடம், எனக்கே புரியல என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவர் கண் மட்டும் மனதில் நின்றுவிட்டது. என் மேஜையைத் தேடிய அந்தப் பார்வை. உன் வகுப்பில் நீ அப்படித் திரும்பிப் பார்த்திருந்தால் அங்கே யார் இருந்திருப்பார்கள். ஸ்கேனர் மூடியைத் தூக்கித் தாளை உள்ளே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பின்னால் வந்த கணக்குப் பிரிவு அம்மா, மேடம் நீங்க ஜெபம் பண்ணி முடிங்க, நான் அப்புறம் வர்றேன் என்றார். தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் உனக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்ததே, அது நினைவிருக்கிறதா. எழுதியது நான். படித்துக் காட்ட மேடைக்குக் கூப்பிட்டார்கள். படிக்கட்டில் கால் வைத்தவன் திரும்பி ஓடி வந்து என் காதில், அம்மா நான் என்ன எழுதியிருக்கேன் என்று கேட்டாய். அன்று அதை ஒரு வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உனக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான் உண்மை. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். படித்ததெல்லாம் உள்ளேயே கிடக்கிறது. இருபது வயதில் உன்னைப் பெற்றேன், உனக்கு எழுதத் தெரிந்த நாளிலிருந்து என் வாக்கியங்கள் உன் குரலில் வெளியே போய் வந்தன, கை தட்டினார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதுவதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. உனக்குப் பதினான்கு வயதில் குடியிருப்புச் செயலாளர் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார், பிள்ளைகள் விளையாடித் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போடுகிறார்கள் என்று. உன் கூட்டம் உன்னைத்தான் அனுப்பியது. நான் ஒரு மனு எழுதி உன் பையில் வைத்தேன், ஐந்து பத்தி. நீ அதை எடுக்கவே இல்லை. நான் ஒரு மாடி மேலே படிக்கட்டில் ஒளிந்து நின்று கேட்டேன். இரண்டு முறை திக்கினாய். பிறகு, சார் நீங்க மாடியப் பூட்டினா நாங்க படிக்கட்டுலதான் விளையாடணும், படிக்கட்டுக்குப் பக்கத்துல உங்க வீடுதான் இருக்கு, மத்தியானம் நீங்க தூங்குவீங்கல்ல என்றாய். ஓட்டை விழுந்தா யார் பொறுப்பு என்று அவர் கேட்டதற்கு, பந்து வேணாம் சார், ஓடிப் பிடிச்சு மட்டும் விளையாடுறோம், பந்தப் பாத்தீங்கன்னா அன்னைக்கே பூட்டிடுங்க என்றாய். சாவி கிடைத்தது. என் மனுவில் ஐந்து பத்தியிலும் அவர் தூக்கம் வரவில்லை. நீ கீழே ஓடிய பிறகு நான் வீட்டுக்கு வந்து பையிலிருந்து மனுவை எடுத்துக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. கொஞ்சம் பொறாமை என்றுகூட நினைக்கிறேன்.

இதற்கு மேலே நான்கு வரி அடித்திருப்பதைப் பார்ப்பாய். படத்தைப் பெரிதாக்கிப் படிக்க முயலாதே, நன்றாகத்தான் அடித்திருக்கிறேன். உனக்கு ஒரு தலைப்பு எழுதி, அதற்கு முதல் காரணமும் எழுதத் தொடங்கியிருந்தேன். கை தானாகப் போகிறது.

ஆகவே அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போதுகூட நிச்சயமில்லை, இப்போது நிச்சயம். வெள்ளிக்கிழமை நீ கொடுப்பதை அவர் மறுபடியும் திருப்பிவிடலாம். பயிற்சி ஒரு வருடம் தள்ளிப் போகலாம், உன் நண்பர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுப் படம் அனுப்புவார்கள், நீ இங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாய், அப்பா நான் அப்பவே சொன்னேன் என்பார். எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்படியும் அனுப்பவில்லை. என் மேல் கோபப்படு, பரவாயில்லை. ஆசிரியையிடம் நாளைக்கே போய், முதல் அவுட்லைன் என் அம்மா எழுதியது என்று சொல்லிவிடு, திட்டினால் கேட்டுக்கொள். உனக்கு உண்மையில் எது எரிச்சலாக இருக்கிறது என்று பார், தங்கியிருக்கிற அறையில், வகுப்பில், பேருந்தில், எங்கேயாவது. அந்த எரிச்சலை யாரால் தீர்க்க முடியுமோ அவர் எப்போது தூங்குகிறார் என்று பார். இதுவும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை, நீ செய்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குட்டியைக் கூப்பிட்டு அவளிடம் பேசிப் பார், ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துப் பேச அவளை விட்டால் ஆள் கிடையாது, சம்மதித்திருக்கிறாள். நான் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டேன், நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போய்விடுவேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவும் மாட்டேன். நன்றாகச் சாப்பிடு, மருந்தை முடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உனக்கு எல்லா நலமும் வரட்டும், உன் வாயில் உன் சொல் வரட்டும்.

அந்தத் தாளை இப்போதுதான் கைப்பையிலிருந்து எடுத்துக் குட்டியிடம் கொடுத்து எங்கேயாவது ஒளித்து வைக்கச் சொன்னேன். எங்கே வைத்தாய் என்று அதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா