சட்டை மறைக்கும் இடம்

திருக்கோணமலை

அன்பு மகள் லக்சனாவுக்கு,

அங்கே குளிருக்குள் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே மழைக்குள் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வெட்கத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், வேறு ஆராவது வீடியோ அனுப்புமுன். சனிக்கிழமை மீன் சந்தையடியில் உன் அப்பாவுக்குச் செருப்படி விழுந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையை நிறுத்தச் சொல்லி மாதர் சங்கம் போட்ட வீதி நாடகத்தில் பெண்சாதியை அடிக்கிற வேசம் எனக்கு, மீசைக்காகத்தான் பிடித்தார்களாம். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மனிசி நாடகம் என்று விளங்காமல் "நாசமாப் போவான், விடுடா அந்தப் புள்ளய" என்று செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டா. பிறகு சிரித்துக்கொண்டே கொஞ்சம் இறால் தந்தா.

கதை அதுவல்ல. ஒத்திகையில் நான் நாடகத்துப் பெண்சாதியின் கன்னத்துக்குக் கை ஓங்கினேன். ஒலிபெருக்கி கட்ட வந்த பக்கத்து வீட்டுத் திலக்சன், உன்னோடு படித்த சிவாஜினியின் புருசன், கதிரையில் இருந்தபடியே "முகத்தில ஆராவது அடிப்பினமோ மாமா? நாளைக்குச் சனம் பாக்குமெல்லோ. முதுகில போடுங்கோ, சட்டை மறைக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தோம், நல்ல யோசனை என்று அப்படியே மாற்றியும்விட்டோம். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது, இவனுக்கு இது எப்படித் தெரியும்? அன்றிலிருந்து வாழைக்கு மண் அணைக்கிற சாட்டில் மதிலோரம் நிற்கிறேன், வாழைதான் சாகப் பார்க்கிறது. சிவாஜினி கதிரையில் சாய்ந்து இருப்பதில்லை, விளிம்பில்தான் இருக்கிறாள். என்ன பிள்ளை என்றால் தன் வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டு "முதுகுப் பிடிப்பு மாமா" என்கிறாள். சங்கத் தலைவியிடம் சொன்னேன், "அவர் காசு வாங்காமல் ஒலிபெருக்கி கட்டித் தந்தவர் அண்ணை, தங்கமான பொடியன்" என்றா. அம்மாவோ "அயல்வீட்டு விடுப்புப் பாக்கிறதை நிப்பாட்டுங்கோ" என்று குசினிக்குள் போய்விடுகிறா. நேற்றிலிருந்து சிவாஜினியைக் காணவில்லை, அவன் மட்டும் வாசலில் நின்று எனக்கு வலிந்து சிரிக்கிறான். போனில் சொன்னால் மதிலுக்கு அங்கால் கேட்கும், அதுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்கு ஏதும் செய்தி போட்டாளா? அவளோடு கதைத்தால் ஏன் பொறுத்தாய் என்று மட்டும் கேட்காதே, பொலிசுக்கென்றாலும் நான் கூட வருவேன் என்று சொல்லு.

பத்திரகாளி அம்மன் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். காதை மூடித் தொப்பி போடு, இரும்புச்சத்துக் குளிசையை மறவாதே.

செருப்படி பட்டும் திருந்தாத உன் அப்பா,
யோகலிங்கம்

பி.கு: படம் எடுத்துத் தரச் சொன்னபோது அம்மா இதை வாசித்தா. சிவாஜினி நேற்றுப் பின்னேரத்திலிருந்து எங்கள் பின்அறையில்தான் இருக்கிறாளாம். "உங்கட வாய்க்குப் பயந்துதான் சொல்லேல்லை" என்றா. காலையில் நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட இடியப்பம் அவள் அவித்தது.