கை எட்டும் உயரம்

ஞாயிறு, இரவு

வேனுக்குள் அலமாரிகளை இன்று மாட்டி முடித்தேன். பிளைவுட்டை அறுத்து எல்லாம் நானே செய்தது. ஒரு நூல் இடைவெளி கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருடம் தோல் வெட்டிய கை.

மனைவி மேரியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே கட்டிலில் படுக்க வைத்தேன். அவளால் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது. படுத்தபடியே கடல் வரைக்கும் போகத்தான் இந்த வேன்.

மாத்திரை அலமாரியைத் திறக்கச் சொன்னேன். அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

"நீங்க நின்னுக்குனு அளந்துட்டீங்க," என்று சிரித்தாள். "கம்பெனில கட்டையில செஞ்ச கால் அச்சுக்குத்தானே ஷூ பண்ணுவீங்க. ஒருநாளாவது ஆளோட காலைப் பாத்தீங்களா?"

"எவ்ளோ எட்டுதுன்னு காட்டு, இறக்கிடறேன்."

கையைத் தூக்கினாள். விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். சரிபார்க்க இன்னொரு தடவை தூக்கச் சொன்னேன். கோடு நாலு விரல் கீழே வந்தது. மூன்றாவது தடவை அதற்கும் கீழே.

போன மாதம்கூட அவளே தலை வாரிக்கொண்டாள்.

நாளைக்கு எந்தக் கோட்டில் ஸ்க்ரூ போடுவது? கடைசிக் கோட்டுக்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டுத்தான் போட வேண்டுமோ?