சுவாமி சாயாமல் இருப்பதற்கு

நீர்வேலி

அன்பு மகன் சுபாங்கனுக்கு,

நானும் அம்மாவும் சுகம், என் இடுப்பு நீங்கலாக. உன் சுகத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். அவரைச் சாயாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்பதால்தான் இந்த ஆண்டு இவ்வளவு களைப்பு.

போன திருவிழாவில் வடக்கு வீதி திரும்பும்போது, நாங்கள் தோளில் காவிவந்த சுவாமி என் பக்கம் சாய்ந்து, திருவாசி லைற் கம்பத்தில் முட்டியதை நீ ரொறன்ரோவிலிருந்து யூரியூப்பில் பார்த்தாய். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிள்ளையார் ஏதோ உணர்த்துகிறார் என்று ஊர் பேசிக்கொண்டது, அவர்களும் பயந்து பொங்கல் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆரணி என்ற பிள்ளை என்னை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, காலிலை பிழையில்லை, இடுப்புத் தசைதான் வேலை செய்யேல்லை, அதுதான் உடம்பைச் சரிச்சுச் சரிச்சு நடக்கிறியள்" என்றாள். பொங்கல் வைத்தவர்களுக்கு இதை நான் சொல்லவில்லை. ஆனால் கோயில் சபைத் தலைவர் கதிரவேலு, இன்னொரு தரம் சாய்ந்தால் இனித் தோளில் காவுவதில்லை, சில்லுப் பூட்டிய சகடை வண்டிதான் என்று தீர்மானம் போட்டுவிட்டார். பிள்ளையார் சந்தைக்குப் போகும் வாழைக்குலை மாதிரி உருண்டு வருவதை நினைக்க எனக்கு மனம் கேட்கவில்லை.

அதனால் ஆரணி சொன்னபடி தினமும் காலையில் பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கினேன், கைபிடிக்காமல் கதிரையிலிருந்து எழும்பினேன், அலுமாரிக் கண்ணாடிக்கு முன் ஒற்றைக் காலில் நின்று அரைஞாண்கொடி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தேன். தோட்டத்து வரம்பில் காலை எறியாமல் மெல்ல வைத்து நடக்கப் புதிதாகப் பழகினேன். உன் அம்மா, "வாழைக்குக் குடுக்கிற மாதிரி உங்களுக்கும் ஒரு முட்டுத்தடி குடுத்தால் முடிஞ்சுதே" என்றாள்.

திருவிழா போன கிழமை முடிந்தது. வடக்கு வீதியில் என் இடுப்பு மட்டமாக நின்றது. சுவாமி சாய்ந்தார், இந்த முறை வலப்பக்கம் காவிய சீவரத்தினம் அண்ணையின் பக்கம். கதிரவேலு இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு, "உங்களிலை ஆர்தான் நேரா நடக்கிறியள்?" என்று கேட்டார். காவினவர்களில் அறுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

சில்லு வாங்கியாகிவிட்டது. நான் கெஞ்சியதால் இரும்பு வேலையை அடுத்த திருவிழாவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மறுநாளே சீவரத்தினம் அண்ணை வந்து, "அந்தக் கால் தூக்கிற வித்தையை எனக்கும் காட்டு" என்றார். இப்போது கிழவர்கள் இருவரும் ஒரே கண்ணாடிக்கு முன் நிற்கிறோம். விழுந்தால் ஒருவர்மேல் ஒருவர்தான்.

நீ நாள் முழுக்கக் கதிரையிலிருந்து வேலை செய்கிறவன். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நின்று பார், ஆடினால் எழுது. உன் தோள் என் தோளுக்குச் சரிமட்டம் என்று சபையில் சொல்லிவைத்திருக்கிறேன். வரச்சொல்லி எழுதவில்லை, இடுப்பைக் கவனி என்றுதான் எழுதுகிறேன்.

பிள்ளையார் உன்னை நிமிர்ந்து நடக்க வைப்பாராக. குளிருக்குக் காலுறை போட மறக்காதே.

உன் அப்பா,
தியாகலிங்கம்