சிவம் அண்ணையின் குரோக்கஸ் சட்டிகள்

2006 பெப்ரவரி, ஞாயிறு இரவு

லண்டனில் சட்டன் பக்கம் தனியாக இருக்கும் சிவம் அண்ணை இன்று மத்தியானம் தன் குரோக்கஸ் பூச்செடிச் சட்டிகள் அத்தனையையும் காரில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். விதை போட்டு நாலு வருடம். புல் மாதிரி இலைகளைத் தவிர இதுவரை அவர் ஒன்றும் கண்டதில்லை. இந்த வருடம்தான் முதன்முதலாக மொட்டு வந்திருக்கிறது.

"ஒரு கிழமையில பூத்திடும் அண்ணை. இப்ப ஏன் தாறியள்?" என்று கேட்டேன்.

"ஹவுன்ஸ்லோவில மகளோட போய் இருக்கப்போறன் பிள்ளை. அங்க வைக்க இடமில்லை. நீ பார்."

தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பிறகுதான் பார்த்தேன். எந்த மாதம் தண்ணீர் விட வேண்டும், எப்போது காயவிட வேண்டும் என்று ஒவ்வொரு சட்டியிலும் எழுதி ஒட்டியிருந்தார்.

நல்ல செய்திதானே என்று பின்னேரம் அண்ணையின் மகளுக்கு போன் எடுத்தேன்.

"அப்பா இஞ்ச வரேல்லை அக்கா. கனடாவுக்குப் போறனெண்டெல்லோ எங்களிட்டச் சொன்னவர்."

அண்ணையின் வீட்டுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் உடனே காரை எடுத்துக்கொண்டு சட்டனுக்குப் போனார். வெளியே உறைபனி. சட்டிகளை உள்ளே எடுக்கவில்லை. குளிர் அவற்றுக்கு நல்லது என்று அண்ணை சொல்லுவார்.

இப்போதுதான் இவர் அங்கிருந்து போனில் பேசினார். அண்ணை கதவைத் திறந்தாராம்.

"நான் இண்டைக்கு இஞ்சயே படுக்கிறன். அண்ணையைத் தனிய விடேலாது. மகளும் வாறா" என்றார், குரலைத் தாழ்த்தி.