நான் நீயாக இருந்தால்

அன்புள்ள அம்மாவுக்கு,

அங்கே கெடாவில் மழையா? உங்கள் கால்வலி குறைந்ததா? ரெம்பாவ் எஸ்டேட்டில் எனக்குக் குறையில்லை.

திங்கட்கிழமை மோட்டார் சைக்கிள் சறுக்கி முழங்கால் லேசாகச் சிராய்ந்தது. பயப்படாதீர்கள். ஆபீஸில் எல்லோரும் ஆங்கிலத்தில் அன்பாக யோசனை சொன்னார்கள். "ஒய் டோன்ட் யூ ரெஸ்ட்?" என்றார் கணக்கெழுதும் கிராணி. "இஃப் ஐ வேர் யூ, கிளினிக் போயிருவேன் லா," என்றாள் பக்கத்து மேசை ரோகினி. 'நான் நீயாக இருந்தால்' என்று அர்த்தம், அம்மா. ஐந்து மணிக்கு அவரவர் காரில் கிளம்பிவிட்டார்கள். நான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வந்தேன்.

நீங்கள் என்றால் யோசனையா சொல்லியிருப்பீர்கள்? "ஏறுடி வண்டியில" என்று இழுத்துப் போயிருப்பீர்கள்.

ரசப்பொடி அனுப்புங்கள். தீபாவளிக்கு லீவு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. "கிளம்பி வாடி" என்று போனில் ஒருமுறை அதட்டுங்கள். அம்மா கூப்பிடுகிறார்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவேன்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
லோகேஸ்வரி